சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்சிலரேட்டரை விடுங்கள்

பெங்களூருச் சாலைகளில் தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்தவுடனேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியைக் கியரிலேயே உருளவிடுங்கள். சிக்னல் வரை வேகமாகச் சென்று பிரேக்கை அழுத்துவதைவிட இதில் பெட்ரோல் நிச்சயமாக மிச்சமாகும்.

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வதே இதற்குக் காரணம். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனிடம் உள்ள 1,12,500 ஜூல் ஆற்றல் முழுவதையும், வண்டியை நிறுத்தும்போது பிரேக் வெப்பமாக்கி வீணடித்துவிடுகிறது. அதே கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டுவரும்போதே பச்சை விளக்கு எரிந்துவிட்டால், பழைய வேகத்தை எட்ட 62,500 ஜூல் மட்டுமே போதும். மேலும், எரிபொருளை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டி கியரில் உருளும்போது, எஞ்சினைச் சக்கரங்களே சுழற்றுவதால், எஞ்சினின் சுழல்வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் குறையும் வரை எரிபொருள் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே நியூட்ரலுக்கு மாற்ற வேண்டாம். அது சேமிப்பும் அன்று, பாதுகாப்பும் அன்று.

சில்க் போர்டு சந்திப்பில் மாலை நேரத்தில் வண்டிகள் ஊர்ந்து செல்லும்போது, இழப்பதற்கு வேகமே இல்லாததால், இம்முறை பயன்படாது. பின்னால் பேருந்தோ லாரியோ நெருங்கி வந்தால் திடீரென வேகத்தைக் குறைக்காதீர்கள். பிரேக் ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பும் மின்சார வண்டிகளில் ஆதாயம் குறைவாகவே இருக்கும்.