ஏரிக்கரையில் பனை விதைப்பது எப்படி?

பனை விதைப்பதில் குழி வெட்டும் நாள் வேலை சுலபம். விதை மண்ணுக்குள்ளேயே வளரும் முதல் வருடத்தில்தான் பலதும் வீணாகும். அதை மனதில் வைத்தே இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

1. அனுமதி

தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (ஏரிநீர் பாயும் நிலம்) உள்ள ஏரி என்றால் ஊராட்சி ஒன்றியத்தில் கேட்க வேண்டும். அதற்கு மேல் நீர்வளத் துறை. கரையின் மேல்தளம் வண்டி போகும் வழி. தூர்வார ஜேசிபி வந்தால் முதலில் நசுங்குவது அங்கே உள்ளதுதான். தண்ணீர் இல்லாத பக்கம் இறங்கும் வெளிச்சரிவின் மேல்பாதியில் நடுங்கள். மதகு, கலிங்கு (உபரிநீர் வழியும் இடம்) பக்கம் வேண்டாம்.

2. விதை

ஆவணி, புரட்டாசியில் தானாக விழுந்த பழத்தைப் பொறுக்குங்கள். நுங்குப் பருவத்தில் வெட்டிய காய் முளைக்காது. ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். 100 மீட்டர் கரைக்குப் பத்தடி இடைவெளியில் சுமார் 33 குழி, குழிக்கு இரண்டு விதை. கழிவு போக 40 பழம் எடுத்தால் போதும்.

பழங்களை நிழலில் குவித்து, ஈர வைக்கோல் போட்டு இரண்டு மூன்று வாரம் விடுங்கள். சதை அழுகிக் கழன்றுவிடும். தும்பு (நார்) ஒட்டியிருந்தால் பரவாயில்லை. சதையோடு புதைத்தால் வாசனைக்கு மாடும் பன்றியும் தோண்டி எடுத்துவிடும். வெயிலில் காயவைக்காதீர்கள்; முளைப்புத்திறன் போய்விடும். அடுத்த வருடத்துக்கென்று சேமிப்பதும் வீண்.

3. நடவு

முதல் மழையில் மண் இளகியதும் கடப்பாரையால் முக்கால் அடிக் குழி. கீழே மண்ணைக் கொத்தி இளக்கி, இரண்டு கொட்டைகளையும் ஒரு சாண் தள்ளிப் படுக்கவையுங்கள். முளை வரும் கண் எந்தப் பக்கம் என்று தேட வேண்டாம், முளை எப்படியும் கீழ்நோக்கித்தான் இறங்கும். மேலே நான்கு விரல் மண். நீர் தேங்கும் களிமண் பள்ளத்தில் விதை அழுகும். பையில் நாற்றுவிட்டு நடலாமே என்பார்கள். கீழே இறங்கும் முளை பையின் அடியில் முட்டிச் சுருளும், பெயர்த்து நடும்போது ஒடியும். நேரடி விதைப்பே நல்லது.

4. சோதனை

ஐந்து விதையை வீட்டுப் பக்கம் மணல்மேட்டில் தனியாகப் புதையுங்கள். பொங்கலுக்குத் தோண்டிப் பாருங்கள். கிழங்கு இருந்தால் விதை நல்ல விதை. கரையில் உள்ளதைக் கிளறிப் பார்க்கத் தேவையில்லை. அந்த ஐந்தையும் அவித்துச் சாப்பிட்டுவிடலாம்.

5. காவல்

முதல் ஓலை தலைகாட்ட ஒரு வருடம்கூட ஆகலாம். அது விசிறிபோல விரியாது, ஒற்றை இலையாகப் புல் மாதிரிதான் இருக்கும். நூறு நாள் வேலையில் கரையைச் செதுக்கும்போது புல்லோடு போய்விடும். ஒவ்வொரு குழிக்கும் சுண்ணாம்பு பூசிய கல் ஒன்று வையுங்கள். வேலைக்கு வருபவர்களிடம் நேரிலேயே காட்டிச் சொல்லிவிடுங்கள், பலகையைவிட அது பலன் தரும். கோடையில் சருகுக்குத் தீ வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முளைக்காத குழிகளுக்கு அடுத்த புரட்டாசியில் புது விதை. இரண்டும் முளைத்த இடத்தில் ஒன்றை உடனே பிடுங்காமல், இரண்டாவது மழைக்காலம் தாண்டியதும் வலுவானதை விட்டு மற்றதை எடுங்கள். ஆண் பனையா பெண் பனையா என்பது பாளை விடும்போதுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது ஆகும்.