பெல்ட்டை எண்ணி முடிவு சொல்லாதீர்கள்: ரெஸ்லர்களை ஒப்பிடும்போது நாம் செய்யும் தவறுகள்

ஹல்க் ஹோகனா, ஜான் சீனாவா? ஸ்டோன் கோல்டா, ராக்கா? அண்டர்டேக்கருக்கு ஈடாக இன்று யாராவது உண்டா? ரெஸ்லிங் பார்க்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். நிற்கட்டும். ரெஸ்லிங்கில் பாதி ருசியே இந்த வாக்குவாதம்தான். ஆனால் பத்து நிமிடத்துக்குள் அது முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்கிறது. ஒரு ரெஸ்லர் தன் திறமையால் செய்ததையும், யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று முன்பே முடிவு செய்து கம்பெனி அவருக்கு எழுதிக் கொடுத்ததையும் ஒரே கணக்கில் போட்டுவிடுகிறோம். அப்புறம் எவ்வளவு கத்தினாலும் விடை வராது.

பெல்ட் கணக்கு

2025 ஏப்ரலில், டபிள்யூ.டபிள்யூ.இ. கம்பெனியின் ஆண்டுப் பெருவிழாவான ரெசில்மேனியா 41-இல் கோடி ரோட்ஸை வென்று சீனா 17-ஆவது முறையாக உலக சாம்பியன் ஆனார். அதுவரை ரிக் ஃபிளேரும் அவரும் 16-இல் சமமாக இருந்தார்கள். "சரி, சீனாதான் பெரியவர், பேச்சு முடிந்தது" என்று பலர் கடையைக் கட்டினார்கள். முதலில், ஃபிளேரின் 16 என்பதே கம்பெனி ஏற்றுக்கொண்ட கணக்கு. வேறு மாதிரி எண்ணுகிறவர்கள் 20-க்கு மேல் கொண்டு போவார்கள். அதைவிட முக்கியமாக, 17 முறை பெல்ட்டை, அதாவது சாம்பியன் பட்டத்தை, வாங்க வேண்டும் என்றால் 16 முறை அது கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். புரூனோ சமார்டினோ 1963-இல் வாங்கிய பெல்ட்டை 1971 வரை, 2,803 நாள் வைத்திருந்தார். பிறகு இன்னொரு முறை வென்றார். ஆக மொத்தம் இரண்டே முறை. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கை ஆண்டுக்கணக்கில் நிரப்பிய அந்த மனிதர் பட்டியலில் எங்கோ கீழே கிடப்பார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். ராடி பைப்பர் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பழைய பெயர்) உலக சாம்பியன் ஆனதே இல்லை. ஜேக் ராபர்ட்ஸ் அங்கே ஒரு பெல்ட்டைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் 1985-இல் நடந்த முதல் ரெசில்மேனியாவில் ஹோகனும் மிஸ்டர் டி-யும் எதிர்கொள்ள ஒரு பைப்பர் தேவைப்பட்டார். ஜனங்களைக் கொதிக்க வைக்கிற ஒரு ஹீல், அதாவது வில்லன், இல்லாமல் அந்த இரவுக்கு டிக்கெட் விற்றிருக்குமா? ராபர்ட்ஸ் புரோமோவில், அதாவது மேட்ச்சுக்கு முன் மைக்கில் பேசும் சவால் பேச்சில், குரலை உயர்த்தவே மாட்டார். மற்றவர்கள் கத்திக் கொண்டிருந்த காலத்தில் அவர் மெதுவாகப் பேசியே பயமுறுத்தினார்.

யாருக்கு பெல்ட் என்பதை புக்கிங் செய்கிறவர்கள், அதாவது கதையையும் முடிவையும் எழுதுகிறவர்கள், முடிவு செய்கிறார்கள். சினிமாவில் வில்லனிடம் அடி வாங்கிய நடிகரை மோசமான நடிகர் என்று யாரும் சொல்வதில்லை. ரெஸ்லிங்கில் மட்டும் சொல்கிறோம். அதற்காக பெல்ட்டுக்கு மதிப்பே இல்லை என்றும் ஆகாது. ரோமன் ரெய்ன்ஸ் 2020 ஆகஸ்டிலிருந்து 2024 ஏப்ரல் வரை 1,316 நாள் சாம்பியனாக இருந்தார் என்றால், அவரை நம்பி முழு நிகழ்ச்சியையும் நிறுத்தலாம் என்று கம்பெனி நினைத்திருக்கிறது. அந்த நம்பிக்கையை அவர் சம்பாதித்தார். ஆனால் ரெய்ன்ஸின் 1,316 நாளையும் சமார்டினோவின் 2,803 நாளையும் தராசில் வைத்து நிறுப்பது வீண் வேலை. முன்னவர் நீண்ட இடைவெளிவிட்டு பெரிய மேடைகளில் தோன்றினார். பின்னவர் ஊர் ஊராகப் போய் பெல்ட்டைக் காத்தார். இரண்டும் வேறு வேறு வேலை.

வெற்றி தோல்விக் கணக்கும் இதே வகைதான். ரெசில்மேனியாவில் அண்டர்டேக்கரின் ஸ்ட்ரீக் (தொடர் வெற்றி) 21-0 வரை போய், 2014-இல் பிராக் லெஸ்னரிடம் முடிந்தது. அந்த 21-இல் 1993-இல் ஜயண்ட் கொன்சாலஸை டிஸ்குவாலிஃபிகேஷனில் வென்ற மேட்ச்சும் ஒன்று. 2009-இல் ஷான் மைக்கேல்ஸுடன் ஆடிய மேட்ச்சும் ஒன்று. முதலாவதை இன்று உட்கார்ந்து பார்க்கப் பொறுமை வேண்டும். இரண்டாவதை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். அண்டர்டேக்கரின் பெருமையைப் பேச அந்த 2009 மேட்ச் போதும், 21 என்ற எண் தேவையே இல்லை.

"நிஜமா அடிச்சுக்கிட்டா யார் ஜெயிப்பா?"

கேட்கச் சுவாரசியமான கேள்விதான். கர்ட் ஆங்கிள் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். லெஸ்னர் 2000-இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த சாம்பியன், 2008-இல் நிஜச் சண்டைப் போட்டியான யு.எஃப்.சி.யில் ஹெவிவெயிட் சாம்பியன். இவர்களிடம் யார் நிற்க முடியும்? ஆனால் இந்த அளவுகோலை வைத்தால் ஹாக்கு எங்கோ உச்சத்தில் இருக்க வேண்டும். சக ரெஸ்லர்களே பயந்த முரட்டு ஆள் அவர், இருந்தும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பில் உலக சாம்பியன் ஆனதில்லை. நிஜச் சண்டைத் திறமைக்கு ஒரு காலத்தில் ரிங்கிலும் மதிப்பு இருந்தது உண்மை. லூ தெஸ் போன்றவர்கள் சாம்பியனாக இருந்த நாளில், எதிராளி பேசி வைத்ததை மீறி பெல்ட்டைப் பிடுங்கப் பார்த்தால் அவனை அடக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலம் போய்விட்டது. இன்று ரிங்கில் மிகக் கடினமான திறமை, எதிராளியை உயிருக்கு ஆபத்தாக அடித்ததுபோல் காட்டிவிட்டு அவரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது.

இதிலிருந்து கிளைத்த இன்னொரு பிழை, அடிப்பவரை மட்டும் பார்ப்பது. 1998 ஜூனில் ரிங்கை மூடிய ஹெல் இன் எ செல் கூண்டின் உச்சியிலிருந்து மேன்கைண்ட் என்ற ரெஸ்லர் வர்ணனையாளர் மேசை மேல் விழுந்தார். தள்ளியது அண்டர்டேக்கர். விழுந்தவர், மேன்கைண்ட் வேடத்தில் இருந்த மிக் ஃபோலி. அந்த இரவை நாம் இன்றும் பேசுவது யாரால்? பம்ப் வாங்குவதும் (அடிபட்டு விழுவதும்) வலியைக் காட்டுவதும் பாதி வேலை. எந்த ஃபினிஷரும், அதாவது மேட்ச்சை முடிக்கிற அடியும், வாங்குகிறவர் ஒத்துழைத்தால்தான் ஃபினிஷர்.

காலத்தை மாற்றி வைத்துப் பார்ப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன், இரண்டு தலைமுறையும் சம அளவில் செய்கிறது. இளையவர்கள் 1980-களின் மேட்ச்சைப் பார்த்துவிட்டு "என்ன இது, பத்து நிமிஷமா ஹெட்லாக் போட்டுக்கிட்டு இருக்காங்க" என்கிறார்கள். ஃபிளேரை எடுத்துக்கொள்வோம். 1948-இல் தொடங்கிய என்.டபிள்யூ.ஏ. கூட்டமைப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புரமோட்டர், ஒரு உள்ளூர் ஹீரோ. உலக சாம்பியன் ஊர் ஊராகச் சுற்றுவார். அந்த ஊர் ஹீரோ இன்றைக்கு ஜெயித்தே விடுவார் என்று ஜனங்களை நம்ப வைத்து, சில நாளில் ஒரு மணி நேரம் முழுக்க ஆடி, கடைசியில் ஏதாவது தில்லுமுல்லு செய்து பெல்ட்டோடு கிளம்ப வேண்டும். அவர் மண்டியிட்டுக் கெஞ்சுவதும், ரிங்கின் மூலையில் உள்ள டர்ன்பக்கிள் மேலிருந்து தூக்கி எறியப்படுவதும், இரண்டு அடி நடந்து முகம் குப்புற விழுவதும் அதற்காகத்தான். அந்த ஊருக்கு அது எப்போதாவது வருகிற திருவிழா. நாமோ அவருடைய இருபது மேட்ச்சை ஒரே வாரத்தில் வரிசையாகப் பார்த்துவிட்டு "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்கிறோம்.

ஆண்ட்ரே த ஜயண்டுக்கு நடப்பது இன்னும் அநியாயம். பெரும்பாலோர் பார்த்தது 1987 ரெசில்மேனியா 3-இல் ஹோகனுடன் ஆடியதை மட்டும். அப்போது அவர் முதுகு அறுவை சிகிச்சை முடிந்து, நகரவே சிரமப்பட்ட நிலையில் இருந்தார். 1970-களின் பதிவுகளில் ஓடியாடுகிற ஆண்ட்ரேவைப் பார்த்தால் வேறு ஆள் என்று தோன்றும். ஒருவருடைய கடைசி ஆண்டுகளை வைத்து முழு வாழ்க்கைக்கும் மதிப்பெண் போடுவதை நிறுத்தினாலே பாதி வாதம் தீரும்.

அதே இரவில் ரேண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடினார்கள். சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே திட்டமிட்டு, ஒத்திகை பார்த்து ரிங்கில் ஏறினார். பெரும்பாலோர் ரிங்கிலேயே பேசிக்கொண்டு மேட்ச்சை நடத்திய காலம் அது. ரசனையுள்ளவர்கள் அந்த மேட்ச்சைக் கொண்டாடி ஹோகன்–ஆண்ட்ரே மேட்ச்சைக் கேலி செய்வது வழக்கம். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. ஆண்ட்ரேவை ஹோகன் தூக்கிப் போட்ட அந்த ஒரு நொடிக்காகத்தான் அத்தனை கூட்டம் வந்தது. கூட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது: கம்பெனி அறிவித்த 93,173 என்ற எண்ணை அப்படியே ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் அது சுமார் 78,000 என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார். உயரம், எடை, கூட்டம் எல்லாமே இந்தத் தொழிலில் கொஞ்சம் ஊதித்தான் வரும்.

ஹோகனுக்கு ரெஸ்லிங்கே தெரியாது என்கிறவர்கள் அவர் ஜப்பானில் ஆடியதைத் தேடிப் பாருங்கள். அங்கே பிடிகளும் பூட்டுகளும் போட்டு ஆடியிருக்கிறார். அமெரிக்காவில் கையைக் காதில் வைத்தாலே அரங்கம் அதிர்ந்தது. அங்கே வேறெதுவும் தேவைப்படவில்லை, செய்யவில்லை.

பழைய ரசிகர்களின் பங்குக்கு வருவோம். "இப்ப உள்ளவங்க சும்மா குதிக்கிறாங்க, கதையே இல்லை." ஜப்பானில் ஆடிய கஸுசிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் 2017 ஜனவரியில் டோக்கியோ டோமில் மோதியபோது ஒகாடா வென்றார். ஜூனில் 60 நிமிடம் ஆடி டிரா. ஆகஸ்டில் ஒமேகா வென்றார், ஆனால் பெல்ட் பணயத்தில் இல்லை. 2018 ஜூனில்தான் ஒருவழியாக பெல்ட்டும் கிடைத்தது. ஒன்றரை ஆண்டு நீண்ட நான்கு மேட்ச். இதில் கதை இல்லை என்றால் எதில் இருக்கிறது? இந்த மேட்ச்சுகளுக்கு மெல்ட்சர் ஐந்து நட்சத்திரத்தையும் தாண்டி ஆறு, ஏழு என்று கொடுத்தார். நட்சத்திரத்தைக் காட்டி வாதத்தை முடிப்பதும் ஒரு சோம்பேறித்தனம்தான். அது நிறையப் பார்த்த ஒரு மனிதரின் ரசனை, அவ்வளவுதான்.

"ஐந்து மூவ்தான் தெரியும்"

சீனாவைப் பற்றி ஆண்டுக்கணக்கில் கேட்ட வசனம். 2011-இல் சிகாகோவில் சிஎம் பங்குடன் ஆடியதையும், 2015-இல் தன் யு.எஸ். டைட்டில் பெல்ட்டை வாராவாரம் யாருக்கும் திறந்துவிட்டு ஆடியதையும் பார்த்தபின் அதைச் சொல்வது கஷ்டம். ஒரு பாதி அரங்கம் அவரைக் கொண்டாட, மறுபாதி திட்ட, இரண்டையும் வைத்தே மேட்ச்சை நடத்தத் தெரிந்தவர் அவர்.

ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் விஷயத்தில் காரணம் உடம்பில் இருந்தது. 1997 சம்மர்ஸ்லாமில் ஓவன் ஹார்ட் தலைகீழாகத் தூக்கி இறக்கிய பைல்டிரைவரில் அவர் கழுத்து சிதைந்தது. அதற்கு முன் அவர் நல்ல டெக்னிக்கல் ரெஸ்லர். அதற்குப் பின் குத்தும் உதையுமாக ஸ்டைலையே மாற்றிக்கொண்டு, உலகத்தின் மிகப் பெரிய நட்சத்திரம் ஆனார். மூவ் எண்ணிக்கை குறைந்தபோதுதான் புகழ் ஏறியது.

நம் டிவியில் வந்ததுதான் உலகமா?

"எக்காலத்திலும் சிறந்தவர்" என்று பட்டியல் போடுகிறவர்கள் பலர் ஒரே கம்பெனிக்குள் சுற்றி வருகிறார்கள். ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவா, கென்டா கொபாஷி, முகமூடியே அடையாளமாக வாழ்ந்த மெக்சிகோவின் எல் சான்டோ ஆகியோரைப் பார்க்காமல் எக்காலத்திலும் என்ற சொல்லைப் பயன்படுத்துவது கொஞ்சம் துணிச்சல்தான்.

பெண்கள் விஷயத்தில் இது கண்ணை மறைக்கிற அளவுக்குப் போகும். "அந்தக் காலத்துப் பெண் ரெஸ்லர்களிடம் பெரிய மேட்ச்சே இல்லையே" என்பார்கள். நேரம் கொடுத்தார்களா என்று கேளுங்கள். 2015 பிப்ரவரியில் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வாராந்திர நிகழ்ச்சியான ராவில் ஒரு பெண்கள் டேக் மேட்ச் (இருவர் அணி மோதல்) அரை நிமிடத்தில் முடிந்து, ரசிகர்களே கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே கம்பெனியின் இளையோர் பிரிவான என்.எக்ஸ்.டி.யில் பெய்லிக்கும் சாஷா பேங்க்ஸுக்கும் நேரம் கொடுத்தார்கள், அன்றைய இரவின் சிறந்த மேட்ச் அதுதான். 2019-இல் பெண்கள் ரெசில்மேனியாவின் கடைசி மேட்ச்சை ஆடினார்கள். இதற்கெல்லாம் இருபது ஆண்டு முன்பே ஜப்பானில் மனாமி டொயோட்டாவும் அஜா காங்கும் ஆடியதைப் பார்த்தால், திறமை எப்போது வந்தது என்ற கேள்விக்கே இடம் இருக்காது.

கிறிஸ் பென்வா போன்ற பெயர்கள் வரும்போது மட்டும் நிதானம் வேண்டும். 2007-இல் மனைவியையும் மகனையும் கொன்ற ஒருவரின் மேட்ச்சைப் பார்க்க முடியாது என்று சொல்பவரிடம் டெக்னிக்கைப் பற்றி விளக்கிக் கொண்டிருப்பது அநாகரிகம்.

ஒரே ஒரு மேட்ச்சைக் காட்டி இதையெல்லாம் புரியவைக்கச் சொன்னால் நான் 1997 ரெசில்மேனியா 13-ஐத்தான் போடுவேன், பிரெட் ஹார்ட் எதிர் ஸ்டீவ் ஆஸ்டின். பெல்ட் எதுவும் பணயத்தில் இல்லை. ஆஸ்டின் உள்ளே வரும்போது ஹீல். முகமெல்லாம் ரத்தம் வழிய, காலை முறுக்கிப் பூட்டும் பிரெட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியில் சரணடைய மறுத்து மயங்கித் தோற்றார். வெளியே போகும்போது அரங்கம் அவர் பக்கம் இருந்தது, வென்ற பிரெட்டைத் திட்டியது. அடுத்த ரெசில்மேனியாவில் ஆஸ்டின் உலக சாம்பியன்.