‘சேட்டை விட்டவர்’ என்று எழுதாதீர்கள்: பாலியல் முறைப்பாடு எழுதும் முறை

‘சேட்டை விட்டவர்’, ‘கெடுத்துப்போட்டான்’, ‘ஒரு மாதிரி நடந்தவர்’. வன்னியில் இந்தச் சொற்கள் யாருக்கும் விளங்கும். ஆனால் முறைப்பாட்டில் இவற்றை மட்டும் எழுதினால் எந்தக் குற்றம் நடந்தது என்று சட்டத்துக்குத் தெரியாது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் பாலியல் தொந்தரவு 345ஆம் பிரிவு. ஐந்து வருடம் வரை சிறை. வன்புணர்வுக்கு 364ஆம் பிரிவின்படி ஏழு முதல் இருபது வருடம். பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் இன்னொரு தனிக் குற்றம். உங்கள் வழக்கு இவற்றில் எதற்குள் போகும் என்பதை நீங்கள் எழுதும் வினைச்சொல்தான் தீர்மானிக்கிறது.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எதால் தொட்டான், உடம்பில் எங்கே, உடுப்புக்கு மேலாலா உள்ளாலா, என்ன சொன்னான். அவன் வாயில் வந்த சொல்லை அப்படியே, கெட்ட வார்த்தை என்றாலும், மேற்கோளுக்குள் போடுங்கள். கூச்சமாக இருக்கும், வாயால் சொல்வதைவிடத் தாளில் எழுதுவது பலருக்குச் சுகம். ‘வேண்டாம்’ என்று சொன்னீர்களா, கத்தினீர்களா, பயத்தில் விறைத்துப்போய் ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தீர்களா என்பதையும் எழுதுங்கள். விறைத்துப்போனதை மறைக்கத் தேவையில்லை. உடம்பில் காயம் இருந்தால்தான் சம்மதமில்லை என்று நிரூபிக்கலாம் என்ற நிலையை 1995ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றிவிட்டது. பெண் 16 வயதுக்குக் கீழ் என்றால் ‘விரும்பித்தான் போனவள்’ என்ற கதையும் எடுபடாது.

நேரத்தில்தான் அதிகம் பேர் பிழைவிடுகிறார்கள். மணிக்கூடு பார்க்காதவர் ‘4.20’ என்று எழுதுவார், நீதிமன்றத்தில் ‘அஞ்சு மணியிருக்கும்’ என்பார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அது போதும். தெரிந்ததோடு கட்டி எழுதுங்கள்: பள்ளிக்கூடம் விட்ட பிறகு, கடைசி பஸ் போக முன்னம், கோயில் மணி அடித்த நேரம். இடத்தையும் அப்படியே: ஏ35 வீதியில் எந்தச் சந்தி, அதிலிருந்து குளக்கட்டுப் பக்கமா வயல் பக்கமா.

உடல்ரீதியான வன்முறை என்றால் எழுதுவதற்கு முதல் வைத்தியசாலை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளுக்கு நேரே போகலாம். பொலிஸுக்கு அங்கிருந்தே அறிவிப்பார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். கர்ப்பம் தங்காமலிருக்க எடுக்கும் அவசர மாத்திரையும் முந்த முந்த நல்லது. குளிக்காமல் போங்கள். குளித்துவிட்டாலும் போங்கள். அன்று போட்டிருந்த உடுப்புகளைத் தோய்க்காமல், ஈரமிருந்தால் நிழலில் உலரவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போடுங்கள். சொப்பின் பை வேண்டாம்: ஈரம் வெளியேறாமல் பூஞ்சணம் பிடித்து மரபணுத் தடயம் அழிந்துவிடும். சட்ட வைத்திய அதிகாரி உங்கள் சம்மதத்தோடுதான் பரிசோதிப்பார்.

பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவைக் கேளுங்கள். பெண் உத்தியோகத்தர் வரும்வரை காத்திருக்கலாம். இங்கே பெரிய சிக்கல் மொழி. தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, விளங்காமலே கையெழுத்தாகும். பிறகு ‘அன்று ஒன்று சொன்னாய், இன்று ஒன்று சொல்கிறாய்’ என்று மடக்குவார்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது: முறைப்பாட்டை நீங்கள் பேசும் மொழியிலேயே பதிய வேண்டும், முடியாவிட்டால் உங்களையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். இதனால் வீட்டிலேயே தமிழில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் உங்கள் பிரதியின் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள்; இலக்கம் இல்லாமல் அடுத்த முறை போனால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

‘ஊருக்குள்ள கதைச்சு முடிப்பம்’ என்று யாராவது வருவார்கள். வன்புணர்வு சமரசம் பேசி முடிக்கக்கூடிய குற்றமல்ல. தனியே போகப் பயமென்றால் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கூட்டிப் போகலாம். உதவிக்கு அழைக்கும் தொலைபேசி இலக்கம் பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை இலவசம். நடந்து பல வருடமானாலும் முறைப்பாடு செய்யலாம். இத்தகைய குற்றங்களுக்குக் காலவரையறை 20 வருடம்.

தனியாகக் குடும்பத்தை நடத்தும் பெண்களிடம் வீட்டுத்திட்டம், காணி, கடன் என்று ஏதாவது ஒன்றுக்காகப் ‘பின்னேரம் தனிய வாங்கோ’ என்பது வேறு வகை. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் பாலியல் சலுகையும் இலஞ்சம்தான். கேட்பதே குற்றம், நீங்கள் போக வேண்டியதில்லை. குறுஞ்செய்தியை அழிக்காமல், இலக்கமும் நேரமும் தெரிய ஸ்கிறீன்ஷொட் எடுத்து இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிட்டு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு எடுங்கள்.

முகநூலில் எழுதுவதா? பாதிக்கப்பட்டவர்கள் ‘எனக்கும் நடந்தது’ என்று வெளியே சொல்லும் ‘மீ டூ’ என்ற சொல்லை அமெரிக்காவில் தரானா பேர்க் 2006இல் தொடங்கினார். 2017 ஒக்டோபரில் அது உலகமெங்கும் பரவியது. அதன் பலத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இங்கே வழக்குப் போட நினைப்பவர் முதலில் முறைப்பாடு, பிறகு முகநூல் பதிவு என்ற ஒழுங்கை வைத்துக்கொள்வது நல்லது. முறைப்பாட்டுக்கும் முகநூல் பதிவுக்கும் இடையில் ஒரு சின்ன வித்தியாசமிருந்தாலும் பிடித்துக்கொள்வார்கள். வேறு பெண்ணுக்கு நடந்ததை எழுதி அவர் பெயரையோ படத்தையோ போடாதீர்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம்.

வழக்கு நீளும். 2010இல் விசுவமடுவில் நடந்த வன்புணர்வுக்கு யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் 2015 ஒக்டோபரில்தான் நான்கு இராணுவத்தினருக்குத் தண்டனை விதித்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதனால் உங்கள் பிரதியைக் கறையானும் மழையும் படாத இடத்தில், முடிந்தால் வேறு வீட்டில், வையுங்கள். சாட்சி சொல்லப் போகும் நாளுக்கு முதல்நாள் இரவு ஒருமுறை வாசியுங்கள். கூண்டில் கேட்டதற்கு ஞாபகமில்லை என்றால் ‘ஞாபகமில்லை’ என்றே சொல்லுங்கள். ஊகித்துச் சொல்ல வேண்டாம்.