ரெண்டு வட்டம், நாலு அம்புக்குறி, முடிவில்லாத ஒரு குரூப்

பெங்களூர் டின் ஃபேக்டரி ஜாம்ல ஊர்ந்துட்டு இருக்கும்போது என் ஸ்கூட்டர் மீட்டர்ல 9999 போய் 10000 வந்துச்சு, பின்னாடி உக்காந்திருந்த ரூம்மேட் ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தான், இத்துனூண்டு ஆட்டோமேட்டனுக்குள்ள (எழுத்து எழுத்தா படிச்சு மாத்தி எழுதுற குட்டி மெஷின்) முடிவே இல்லாத குரூப் (ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா பண்ணவும், பண்ணதைத் திருப்பவும் முடியுற மாற்றங்களோட கூட்டம்) எப்படிடா அடங்கும்னு, இதோ இப்படித்தான்டான்னு மீட்டரையே காட்டிட்டேன்.

பேப்பர்ல ரெண்டு வட்டம் போடுங்க (வட்டம்னா மெஷினோட ஒரு நிலை, ஒவ்வொண்ணுலருந்தும் 0க்கு ஒண்ணு, 1க்கு ஒண்ணுன்னு ரெண்டு அம்புக்குறி), ஒண்ணுக்கு 'கூட்டு', இன்னொண்ணுக்கு 'சும்மா'ன்னு பேர். நம்பரை பைனரில தலைகீழா எழுதணும், ஒண்ணாம் ஸ்தானம் இடது பக்கம். கூட்டு 0 படிச்சா 1 எழுதிட்டு சும்மாவுக்குப் போயிடும், 1 படிச்சா 0 எழுதிட்டு அங்கயே நிக்கும் (கையில ஒண்ணு இருக்குல்ல). சும்மா எதையும் தொடாது. 110 குடுத்தா 001 வரும், அதாவது 3 போய் 4. எத்தனை தடவ ஓட்டினாலும் எல்லா வரிசையும் மொத்தமா பழையபடி ஆகாது, ஸோ கிடைக்கிற குரூப் முழு எண்கள்தான். இன்வர்ஸ் (பண்ணதைத் திருப்புற மெஷின்) வேணும்னா அம்புக்குறி மேல படிக்கிறதையும் எழுதுறதையும் மாத்திப் போட்டா போதும், ஆனா எந்த வட்டத்துலயும் 0, 1 ரெண்டுக்கும் ஒரே எழுத்து வெளிய வரக்கூடாது.

இப்ப நிஜ சரக்கு. 1980ல கிரிகோர்சுக்ங்கிற கணிதவியலாளர் குடுத்தது, அஞ்சே வட்டம்: ஏ, பி, சி, டி, அப்புறம் நம்ம சும்மா. ஏ முதல் எழுத்தை மட்டும் திருப்பிப் போடும். பி, சி, டி மூணும் முதல் எழுத்தைத் தொடாம, நம்ம ஆபீஸ்ல டிக்கெட்டை அடுத்த டீமுக்கு அசைன் பண்ற மாதிரி மிச்சத்தைத் தள்ளிவிடும், முதல் எழுத்து 0ன்னா இடது ஆள், 1ன்னா வலது ஆள்:

பி = (ஏ, சி), சி = (ஏ, டி), டி = (சும்மா, பி)

கையால ஒண்ணு போட்டுப் பாருங்க (ஏ-டின்னா ரெண்டையும் அடுத்தடுத்து ஓட்டுறது). டி-க்கு ரெண்டு பக்கமும் ஏ வெச்சா இடம் மாறி ஏ-டி-ஏ = (பி, சும்மா). அதோட இன்னொரு டி சேர்த்தா (பி, பி). பி-யை ரெண்டு தடவ பண்ணா ஒண்ணுமே ஆகாது, அதனால ஏ-டி 4 தடவைல பழைய இடத்துக்கு வந்துடும். இதுல எந்த உறுப்பை எடுத்தாலும் இப்படி 2, 4, 8ன்னு ஏதோ ஒரு 2-ன் அடுக்குல திரும்பிடும், ஆனா குரூப் மட்டும் முடியாது! வளர்ச்சி (சொல் நீள நீள எத்தனை வேற வேற உறுப்பு கிடைக்குதுங்கிறது) பாலினோமியலுக்கும் எக்ஸ்பொனென்ஷியலுக்கும் நடுவுல இருக்க முடியுமான்னு கணிதவியலாளர் மில்னர் 1968ல கேட்ட கேள்விக்கும் இதுவே பதில், பாலினோமியலை விட வேகம், எக்ஸ்பொனென்ஷியலை விட மெதுவு.

ரெண்டு சொல் (ஏ-டி-ஏ மாதிரி வரிசை) ஒரே வேலையைத்தான் பண்ணுதான்னு பாக்கணும்னா ஒண்ணோட இன்வர்ஸை இன்னொண்ணோட சேர்த்து இதே மாதிரி பிரிச்சுட்டே போங்க, புது ஜோடி வராம நின்னு, யாரும் எழுத்தை மாத்தலைன்னா சும்மாதான், அதாவது ரெண்டு சொல்லும் ஒண்ணு. ஆனா ஏதோ ஒரு ஆட்டோமேட்டனை எடுத்துட்டு ஒரு உறுப்பு எத்தனாவது தடவ திரும்பும்னு கேக்காதீங்க, அதுக்குப் பொதுவான அல்காரிதமே கிடையாதுன்னு நிரூபிச்சாச்சு. நான் தெரியாம ஒரு ராத்திரி பூரா லேப்டாப்பை ஓடவிட்டேன், காலைல ஃபேன் மட்டும் கத்திட்டு இருந்துச்சு.