வெறுங்கையால் முழம் போடாமல் ஒரு கணித ஆய்வு: மாணவர்களுக்கான செய்முறை

'அன்றாட வாழ்வில் கணிதம்' என்று தலைப்புக் கொடுத்தால் பெரும்பாலும் வந்து சேர்வது ஒரு பெரிய சார்ட். அதில் கோலம், கடிகாரம், தராசு, பால் பாக்கெட் படங்கள். நானும் பள்ளியில் அப்படி ஒட்டியவன்தான். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒட்டுவதற்கு முன்பு எனக்கு என்ன தெரியுமோ, ஒட்டிய பிறகும் அவ்வளவுதான் தெரியும்.

ஆய்வுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி வேண்டும். அப்படி ஒரு கேள்வியை எடுத்து, தொடக்கத்திலிருந்து எப்படித் திட்டமிடுவது என்று பார்ப்போம். பூக்கடையில் வாங்கும் ஒரு முழம் மல்லிகை உண்மையில் எவ்வளவு?

1. கேள்வியைச் சுருக்குங்கள்

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். இரண்டு சாண் சேர்ந்தாலும் ஒரு முழம். பெரியவர்களின் கைக்கு ஏறக்குறைய 45 செ.மீ. வரும். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் அளக்கப் 'பதினாறு சாண் கோல்' வருகிறது. கோலாகச் செய்து வைத்துவிட்டால் 'யாருடைய சாண்?' என்ற பேச்சு எழாது. இந்தியாவில் 1956-ல் சட்டம் இயற்றி மீட்டர், கிலோ கணக்குக்கு மாறினோம். ஆனாலும் பூக்கடையில் இன்றுவரை கடைக்காரரின் கைதான் அளவுகோல்.

'பூக்கடையில் கணிதம்' என்பது தலைப்பு மட்டுமே. 'பூக்காரர்கள் ஏமாற்றுகிறார்களா?' என்பது கேள்விதான், ஆனால் மோசமான கேள்வி. டேப்பை வைத்து மனதை அளக்க முடியாது, மரியாதையும் இல்லை. 'எங்கள் கடைத்தெருவில் ஐந்து கடைகளில் ஒரு முழத்தின் நீளம் எவ்வளவு மாறுபடுகிறது?' என்று கேட்டால் அளந்து பதில் சொல்லலாம்.

அளக்கப் போகும் முன் உங்கள் ஊகத்தைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு 'நான் அப்பவே நினைச்சேன்' என்று மாற்றிச் சொல்ல முடியாது.

2. எதையெல்லாம் அளப்பது?

முதலில் நீளம்தான் தோன்றும். அது மட்டும் போதாது. ஒரு கடையில் சரம் 51 செ.மீ., 62 பூ என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு கடையில் 42 செ.மீ.தான், ஆனால் 68 பூ. முதல் சரம் இடைவெளி விட்டுக் கட்டியது, இரண்டாவது நெருக்கமாகக் கட்டியது. முன்னதில் ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய 1.2 பூ, பின்னதில் 1.6. நீளமான முழம் வாங்கியவர் குறைவான பூவோடு வீட்டுக்குப் போகிறார்! ஆகவே நீளம், பூக்களின் எண்ணிக்கை, விலை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. எத்தனை கடை, எத்தனை முறை?

ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைக்கு ஒரு முழம் வாங்கி, அ கடை 44, ஆ கடை 49 என்று கண்டால், கடைகள் வேறுபடுகின்றன என்று சொல்லிவிடலாமா? கூடாது. அதே அ கடைக்காரர் அடுத்த முறை 49 போட்டிருக்கலாம். அதனால் ஒவ்வொரு கடையிலும் மூன்று முழம் வேண்டும், அதுவும் தனித்தனியாக முழம் போட்டு. அ கடையில் 44, 46, 45 என்றும், ஆ கடையில் 49, 51, 50 என்றும் வந்தால் கை வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. 42, 50, 45 என்றும் 44, 51, 47 என்றும் வந்தால் ஒருவர் கையே அவ்வளவு மாறுகிறது, கடையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஐந்து கடை, மூன்று முழம் என்றால் பதினைந்து முழம். முழம் 30 ரூபாய் என்று வைத்தாலும் 450 ரூபாய் ஆகிறது. வகுப்பில் ஐந்து பேர் பிரித்துக்கொள்ளலாம். பணத்தை மிச்சம் பிடிக்க, ஒரு கயிற்றைக் கொடுத்து முழம் போட்டுக் காட்டச் சொல்லலாம்தான். ஆனால் மாணவர்கள் பார்க்கிறார்கள் என்றால் எந்தக் கையும் கொஞ்சம் தாராளமாகிவிடும். வாங்கி அளப்பதே என் கட்சி.

காசே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 'எண்சாண் உடம்பு' என்கிறோமே, வகுப்பில் ஒவ்வொருவரும் அவரவர் சாணில் எட்டுச் சாண் உயரம் இருக்கிறார்களா என்று அளந்து பாருங்கள். திட்டம் இதேதான்.

4. ஒத்திகை

வீட்டில் ஒரு சரத்தை வாங்கி அளந்து பழகுங்கள். தையல்கடை இஞ்ச் டேப் பழசானால் இழுபட்டிருக்கும். ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள். சரத்தை மேசையில் நேராக வையுங்கள், இழுக்க வேண்டாம். இருவர் தனித்தனியாக, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் அளக்கட்டும். பூவைப் பத்துப் பத்தாக எண்ணினால் குழப்பம் வராது. வாங்கிய அன்றே எண்ணிவிடுங்கள், மறுநாள் பாதி உதிர்ந்திருக்கும்.

பூ விலை முகூர்த்த நாளில் எகிறும். எல்லாக் கடைகளிலும் ஒரே நாள், ஒரே சாயங்கால நேரம், ஒரே பூ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. கடைக்குப் போகும்போது

வாங்கி முடித்த பிறகு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். "அக்கா, ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு முழம் எவ்வளவுன்னு அளக்கிறோம், உங்க கடையையும் சேர்த்துக்கலாமா?" வேண்டாம் என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். பெயர் எழுத வேண்டாம், கடை 1, கடை 2 போதும்.

6. கணக்கு

ஐந்து கடைகளின் சராசரிகள் 44, 47, 42, 51, 46 என்று வைப்போம். கூட்டினால் 230, மொத்தச் சராசரி 46 செ.மீ. வீச்சு 51 – 42 = 9 செ.மீ. எட்டாம் வகுப்புக்கு இதுவே போதும். பத்தாம் வகுப்பு மாணவர்கள் திட்ட விலக்கம் வரை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு) போகலாம், இங்கே அது ஏறக்குறைய 3.03. அதைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் மாறுபாட்டுக் கெழு 6.6 சதவீதம். பூ எண்ணிக்கைக்கும் இதையே செய்து இரண்டு கெழுக்களையும் பக்கத்தில் வையுங்கள். நீளம் அதிகம் மாறுகிறதா, பூ அதிகம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

7. அறிக்கை

கேள்வி, ஊகம், அளந்த முறை, அட்டவணை, முடிவு என்ற வரிசை போதும். ஐந்து கடைகளை அளந்துவிட்டு 'தமிழ்நாட்டில் ஒரு முழம் 46 செ.மீ.' என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் கடைத்தெரு, உங்கள் நாள், அவ்வளவுதான். ஊகம் தப்பாகியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அளக்கும்போது எழுதிய, தண்ணீர் பட்ட பழைய நோட்டையும் கூடவே வையுங்கள்.

அப்புறம், கொடுப்பதற்கு முன் அட்டவணையை அந்தப் பூக்கார அக்காக்களிடம் ஒருமுறை காட்டுங்கள். 'வாடிக்கையா வர்றவங்களுக்கு ரெண்டு விரல் கூட்டித்தான் போடுவேன்' என்று யாராவது சொன்னால், அடுத்த ஆய்வுக்கு கேள்வி கிடைத்துவிட்டது.