ஆசிரியரின் களைப்பைத் திறமைக் குறைவு என்று நினைக்காதீர்கள்

கேள்வி கேட்டுவிட்டு, பதில் வர ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, அது சுமார் ஒரு விநாடிதான் இருந்தது. அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

பணி அழுத்தம் என்றால் எனக்கு இந்த மூன்று விநாடிதான் நினைவுக்கு வருகிறது. திருத்தாத விடைத்தாள்களும், மாலைக்குள் அனுப்ப வேண்டிய விவரப் பட்டியலும் மனதில் ஓடும்போது அந்த மௌனத்தைத் தாங்க முடியாது. பதிலையும் நாமே சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். பாடம் முடிந்திருக்கும், பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது.

இதைப் பார்த்துவிட்டு "இவருக்குப் பாடம் நடத்தத் தெரியவில்லை" என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. உடனே ஒரு பயிற்சி வகுப்பு, கூடுதலாக ஓர் அறிக்கை, அடிக்கடி கண்காணிப்பு. நேரமே இல்லாதவரிடம் மிச்சமிருக்கும் நேரத்தையும் பிடுங்கிக்கொள்கிறோம்.

அப்புறம், மூச்சுப்பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. மூச்சுப்பயிற்சி நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை ஒரு நோயாக அல்ல, சரியாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. வேலைப்பளு அப்படியே இருக்க, ஆளை மட்டும் திருத்தப் பார்ப்பது நியாயமில்லை. இந்தச் சோர்வின் ஓர் அடையாளம், வேலையிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் மனம் விலகிப்போவது. பிள்ளைகளின் பெயரைக்கூடச் சொல்லிக் கூப்பிடாத ஆசிரியரை "சிடுமூஞ்சி" என்று ஒதுக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

பணி நிறைவையும் வாழ்க்கை நிறைவையும் ஒன்றாக்கிவிடுவதும் உண்டு. எட் டீனர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1985இல் வெளியிட்ட வாழ்க்கை நிறைவு அளவுகோலில் ஐந்தே வாக்கியங்கள். ஒன்றுகூட வேலையைப் பற்றியதல்ல. கற்பித்தலை உயிராக நேசிக்கும் ஒருவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டு தூக்கமில்லாமல் வரலாம். அவரிடம் "வேலை பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் உண்மையாகவே "ஆமாம்" என்பார். நாம் கேட்டது தவறான கேள்வி.

இன்னொன்று: அழுத்தத்தால் வகுப்பு கெடுகிறது என்று ஒரு பக்கம் மட்டும் பார்க்கக் கூடாது. கட்டுக்கடங்காத வகுப்பும் அழுத்தம் தரும். அந்த நேரத்தில் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து உதவும் சக ஆசிரியர் ஒருவர் போதும்.

பொறுப்பில் இருப்பவர்கள் "இன்னும் என்ன செய்யலாம்?" என்பதை விட்டு, "உங்களிடமிருந்து எந்த வேலையை எடுத்துவிடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே விவரத்தை இரண்டு பதிவேடுகளில் எழுதுவது போன்ற சின்ன விஷயமாகக்கூட இருக்கும். அதை அன்றைக்கே நிறுத்திவிடலாம்.