டிரெய்லர் பலகைக்கு உறை போடும்போது செய்யக்கூடாதவை

போன சனிக்கிழமை கனடாவின் சிம்கோ ஏரிக்கரையில் ஒரு தம்பி தன் படகு டிரெய்லரைப் பெருமையாகக் காட்டினார். புதுப் பலகை, புதுக் கம்பளம், மேலே 14 அடி அலுமினியப் படகு. கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பச்சை நிறப் பலகை, மருந்தேற்றிய மரம். நான் அடித்த அதே கூத்து!

டிரெய்லர் பலகைக்குப் பெயர் பங்க். பங்க் என்றதும் பெட்ரோல் நினைவுக்கு வரும். இங்கே அது படகின் அடிவயிறு உட்காரும் நீளப் பலகை. அதை நேராகப் பொருத்தச் சொல்லித்தர நான் வேண்டாம், மேலே கம்பள உறை போடுவதில்தான் வம்பு.

அலுமினியத்துக்கு அடியில் மருந்தேற்றிய பலகை

'வெளியில் கிடக்கப்போகிற மரமா, மருந்தேற்றியதை எடுங்கள், உளுக்காது' என்று மரக்கடையில் சொன்னார்கள். உண்மைதான், பலகை உளுக்கவில்லை, படகுதான் போச்சு. அந்த மருந்தில் இருப்பது செம்பு. ஆர்செனிக் கலந்த பழைய மருந்து 2003 முடிவில் வீட்டு உபயோக மரத்திலிருந்து விலக்கப்பட்ட பிறகு, அதன் இடத்துக்கு வந்தவற்றில் செம்பு இன்னும் அதிகம். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் பேட்டரி மாதிரிதான், அரிக்கப்படுவது அலுமினியம். நடுவில்தான் கம்பளம் இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். செம்பு ஊறிய தண்ணீரை உறிஞ்சி, பற்றுப் போட்ட மாதிரி படகின் வயிற்றில் வாரக்கணக்கில் ஒட்டிவைத்திருப்பதே அந்தக் கம்பளம்தான்.

இரண்டு குளிர்காலம் போனது. படகுக்குள் தண்ணீர் கசிய, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள் மேல் பழியைப் போட்டு ஒரு கோடை முழுக்க அவற்றுக்குப் பசை பூசிக்கொண்டிருந்தேன். கடைசியில் படகைத் தூக்கிப் பார்த்தால், பலகை தொட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி, துடைத்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள், அதில் இரண்டு ஓட்டை. வெல்டிங் செலவு டிரெய்லர் விலையைத் தாண்டியது. இத்தனைக்கும் கம்பளத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கியவன் நான்!

மருந்தில்லாத டக்ளஸ் ஃபர் மரப் பலகையை வாங்கி, வெட்டிய முனைகளில் நன்றாக வார்னிஷ் ஏற்றிப் போடுங்கள். சில வருடத்தில் உளுக்கும், மாற்றிக்கொள்ளலாம். ஃபைபர் படகுக்கு இந்த வம்பு இல்லை.

வீட்டில் மிஞ்சிய கம்பளம்

வேண்டாம்.

சாதா ஸ்டேப்பிள் பின்

துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் வாங்கி, பக்கவாட்டிலும் அடியிலும் மட்டும் அடியுங்கள். மேலே அடித்தால் படகைக் கீறும். அடியில் கம்பளத்தை முழுக்க மூடாமல் இடைவெளி விடுங்கள், தண்ணீர் வடியட்டும்.

வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை

கம்பளத்துக்குப் பதில் போடுவது. ஈரம் தங்காது, சரிவு குறைந்த கரையில் படகைச் சுலபமாக இறக்கலாம். ஆனால் கம்பளப் பழக்கத்தில் மேட்டிலேயே, படகை இழுத்துப் பிடித்திருக்கும் வின்ச் கொக்கியைக் கழற்றினால், படகு கான்கிரீட்டில்தான் இறங்கும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

தம்பி கடைசியாகக் கேட்டது, 'பலகையை மட்டும் மாற்றிவிட்டு இதே கம்பளத்தைப் போடலாமா அண்ணா?' கூடாது. அதில் ஏற்கெனவே செம்பு ஊறியிருக்கும்.